ஆறு பொருள்தான் எடுத்துக்கொள்ளலாம்!

பேய்ப்படம் பார்ப்பது சுலபம். கதாநாயகி இருட்டில் கதவைத் திறக்கப் போகும்போது, "ஐயோ, திறக்காதே" என்று மனசுக்குள் கத்திவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவள் எப்படியும் திறப்பாள்; படம் நகரும். பேய் கேமில் அந்த வசதி கிடையாது. கதவை நாம்தான் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கதை அங்கேயே நிற்கும், விடிய விடிய.

இதில் 'சர்வைவல் ஹாரர்' என்று ஒரு வகை உண்டு. பயமுறுத்துவதோடு பற்றாக்குறையிலும் வைத்திருக்கிற வகை. குண்டு குறைவு, மருந்து குறைவு, பையில் இடம் குறைவு. எதிரில் வருவதையெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு வீரநடை போட முடியாது. கையில் இருப்பதை வைத்துத் தப்பிப் பிழைத்து வெளியே வர வேண்டும். தொண்ணூறுகளில் கொடிகட்டிப் பறந்த இந்த வகை, இப்போது பழைய தோற்றத்திலேயே மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் புதுப் படத்தை விட்டுவிட்டு இளையராஜா பாட்டுக் கேட்பதில்லையா, அந்த மாதிரி.

அப்படி வந்த ஒன்றுதான் 'சிக்னாலிஸ்'. 2022 அக்டோபர் 27-ல் வெளியானது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த இரண்டே பேர், 'ரோஸ் எஞ்சின்' என்ற பெயரில், பல வருடம் உட்கார்ந்து செய்தது. அதைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடகை அறையில் ஐந்து பேர் விளையாடினோம். ஐந்து பேருக்கும் ஐந்து கருத்து. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் செங்கம் பக்கம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மாடியில் ஓர் அறை. அதில் நாங்கள் நான்கு பேர். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று மாறி மாறி வேலை என்பதால், நான்கு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவது வாரத்தில் ஒரு நாள்தான். ஒருத்தர் சாப்பிடும்போது ஒருத்தர் பல் விளக்குவார். அறையில் ஒரே ஒரு லேப்டாப், என்னுடையது. பழசு. அதிலும் ஓடுகிற கேம் என்பதால்தான் சலுகை விலையில் இதை வாங்கினேன்.

கதை இதுதான். எல்ஸ்டர் என்ற ஒரு பெண் இயந்திர மனுஷி. வேலைக்காகச் செய்யப்பட்டவள், டெக்னீஷியன் வகை. உறைபனிக் கிரகம் ஒன்றில் தொலைந்துபோன தன் துணையைத் தேடி, தரைக்கு அடியில் உள்ள ஒரு சுரங்கத் தொழிற்கூடத்துக்குள் இறங்குகிறாள். அங்கே வேலை செய்தவர்களை ஏதோ ஒரு நோய் தின்றிருக்கிறது. செத்து விழுந்தவர்கள் திரும்ப எழுந்து வருகிறார்கள். எரித்தால் மட்டும் எழமாட்டார்கள். எரிப்பதற்கான பொருளும் கொஞ்சம்தான் கிடைக்கும். இதற்கு மேல் சொன்னால் விளையாடப் போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். இரத்தமும் மனசைப் பிசைகிற விஷயங்களும் நிறைய உண்டு என்பதால் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு முதலில் பிடித்தது அந்தத் தொழிற்கூடம்தான். ஒவ்வொரு சுவரிலும் அறிவிப்பு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாவி, ஒரு அட்டை. யார் எந்தத் தளத்துக்குப் போகலாம், எந்த வகை ஆள் எந்த வேலைக்கு, அவர்களை எப்படிப் 'பராமரிக்க' வேண்டும் என்று குறிப்பேடுகள். "அண்ணே, இது நம்ம கம்பெனி மாதிரியே இருக்கு. கேன்டீன்தான் இல்ல" என்றான் தேனிக்காரத் தம்பி.

அறையில் கடைக்குட்டி அவன்தான். டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரண்டிஸாக வந்திருக்கிறான். மொபைல் கேமில் வளர்ந்தவன். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா போனில் சொல்லிச் சிரித்தார். அவன்தான் சண்டையை ஆரம்பித்து வைத்தான்.

சண்டை இதுதான்: சிக்னாலிஸில் எல்ஸ்டர் ஒரே நேரத்தில் ஆறு பொருள்தான் எடுத்துக்கொள்ள முடியும். துப்பாக்கி ஒன்று, அதற்கான குண்டு ஒன்று, மருந்து ஒன்று, டார்ச் லைட் ஒன்று என்றால் நான்கு போயிற்று. மீதி இரண்டு இடத்தில்தான் சாவி, அட்டை, புதிருக்கான துண்டுகள் எல்லாம். ஏழாவதாக ஒரு சாவி கண்ணில் பட்டால் எடுக்க முடியாது. ஆபத்தில்லாத அறை ஒன்று இருக்கும். அங்கே ஒரு பெட்டி. அதுவரை நடந்து போய், எதையாவது அதில் போட்டுவிட்டு, அத்தனை பிணங்களையும் தாண்டித் திரும்பி வர வேண்டும்.

"2022-ல வந்த கேம்ல ஆறு பாக்கெட்தானாண்ணே? என் பேன்ட்லயே ஆறு இருக்கு" என்று கத்தினான் தம்பி. "பயமா இருந்தா பரவாயில்ல. இது கடுப்பால்ல இருக்கு! நடந்து நடந்தே பொழுது போயிடுது."

அவன் சொல்வதை லேசில் தள்ளிவிட முடியாது. உலகம் முழுக்க இந்தக் கேமை விளையாடியவர்கள் ஓவியத்தையும் இசையையும் கதையையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு, கடைசியில் அந்த ஆறில் வந்துதான் முறைத்துக்கொள்கிறார்கள். இது பழைய பாணிக்கு மரியாதையா, விளையாடுகிறவன் நேரத்தை வீணடிப்பதா என்பதுதான் வழக்கு. எங்கள் மாடியிலும் அதே வழக்கு நடந்தது.

தம்பிக்கு எதிராக வாதாடியவர் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். நாற்பத்தைந்து வயது, குடும்பம் வேலூரில். சென்னையில் ஐ.டி.ஐ. படித்த காலத்தில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்துப் பெரம்பூரில் ஒரு பார்லரில் பிளேஸ்டேஷன் விளையாடியவர். 1996-ல் கேப்காம் கம்பெனி வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' அவருக்கு வேதம்.

"அந்தக் கேம்ல ஆட்டத்தை சேவ் பண்ணணும்னா டைப்ரைட்டர் இருக்கிற ரூமுக்குப் போகணும். அதுக்கு ரிப்பன் வேணும். ரிப்பன் தீர்ந்தா சேவ் கிடையாது. உனக்கெல்லாம் இது சொகுசுடா" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது கதவு விஷயம். ரெசிடென்ட் ஈவிலில் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது, திரை முழுக்க இருட்டாகி, ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். அதைப் பார்த்து நடுங்காதவர்கள் இல்லை. உண்மையில் அந்த நேரத்தில் கருவி அடுத்த அறையின் படங்களை சி.டி.யிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கும். முதல் பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகமே 2 எம்.பி.தான். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு காலை வணக்கம் வீடியோகூட அதில் அடங்காது. காத்திருக்க வைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், அந்தக் காத்திருப்பையே பயமாக மாற்றிவிட்டார்கள். 1999-ல் வந்த 'சைலன்ட் ஹில்'லிலும் இதே கதைதான். தூரத்துத் தெருவையெல்லாம் வரைந்து காட்டக் கருவிக்குத் திராணி இல்லை. ஊரையே மூடுபனியால் மூடினார்கள். அந்த மூடுபனிதான் இன்றைக்கும் அந்தக் கேமின் அடையாளம்.

"இல்லாததை வெச்சுச் சமைச்சாங்கடா. எங்க அம்மா ரசம் வைக்கிற மாதிரி" என்றார் அண்ணன்.

"அன்னைக்கு இல்ல, சரி. இன்னைக்குத்தான் எல்லாம் இருக்கே. இருந்தும் எதுக்கு இல்லாத மாதிரி நடிக்கணும்?" என்றான் தம்பி.

நல்ல கேள்வி. அண்ணன் பதில் சொல்லாமல் டீ போடப் போய்விட்டார்.

மூன்றாவது ஆள் ஒடிசாக்காரர். பாலசோர் பக்கம். ஃபர்னஸில் வேலை. கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஆறு வருடம்; தமிழ் நன்றாகப் பேசுவார். ஆங்கிலக் குறிப்புகள் அவருக்கு ஓடாது. நான் படித்துச் சொல்ல வேண்டும். ஆனால் காது கூர்மை. இந்தக் கேமில் எல்ஸ்டரிடம் ஒரு ரேடியோ உண்டு. அலைவரிசையைத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்கு நடுவில் ஒலிக்கும் எண்களைப் பிடித்தால்தான் சில பூட்டுகள் திறக்கும். நாங்கள் மூன்று பேரும் விழித்துக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டே சரியாகப் பிடிப்பார்.

அவருடைய கருத்து தனி ரகம். "எதுக்குச் சுடணும்? அது பாட்டுக்கு நிக்குது, நாம பாட்டுக்குப் போலாம்" என்பார். குண்டை வீணாக்காமல், ஓரமாகப் பதுங்கி, எதிரிக்குப் பின்னால் நழுவியே பாதிக் கேமைத் தாண்டிவிட்டார். ஆறு இடம் அவருக்கு ஒரு பிரச்னையே இல்லை. துப்பாக்கியையே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் பல இடங்களுக்குப் போனார். "ஊருக்குப் போகும்போதும் ஒரே பேக்தான் அண்ணா. ஜெனரல்ல ரெண்டு பேக் இருந்தா உட்கார முடியாது."

ஐந்தாவது ஆள் எங்கள் அறைக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்; எனக்கு பேரிங் அலைன்மென்ட் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன். 2021-ல் அரசு அதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஊரில் இன்னும் எல்லோரும் 'கேம்ப்' என்றுதான் சொல்கிறோம்; அவனும் அப்படித்தான் சொல்வான்.

எங்கள் ஐந்து பேரில் நன்றாக விளையாடுபவன் அவன். வேகம் ஒன்றும் கிடையாது. ஆனால், ஏழாவது பொருள் வந்து வழியில் நின்று தவித்து நான் அவனைப் பார்த்ததில்லை. எப்படி என்று தம்பி கேட்டதற்கு, "ஆறு இருந்தா நாலுதான் எடுப்பேன். ரெண்டு காலியா இருக்கணும். என்ன கிடைக்கும்னு உள்ள போனாத்தானே தெரியும்" என்றான்.

சொல்லிவிட்டு, அவனாகவே அவன் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னான். 1990-ல், சண்டை மறுபடி மூண்ட நேரத்தில், மன்னாரிலிருந்து இரவில் படகேறியவர் அவர். தையல் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்தவர். எங்கே போனாலும் இதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தையல் மெஷினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார். இன்னொரு கையில் பத்திரங்களும் சான்றிதழ்களும் இருந்த பை. பெரியவள், இவனுடைய அம்மா, தானே நடந்து வந்துவிட்டாள். கடைக்குட்டிக்கு நான்கு வயது. படகு கரையில் நிற்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். அம்மம்மா மெஷினை மணலில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்தார்.

"ரெண்டு கையும் நிறைஞ்சா பிள்ளையைப் பிடிக்க ஏலாதுன்னு இப்பவும் சொல்லும். கடைக்குப் போகும்போதுகூட ஒரு கை சும்மாதான் இருக்கும்" என்று சிரித்தான். இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு கும்மிடிப்பூண்டி. மணலில் விட்ட மெஷினுக்குப் பதில் இன்னொரு மெஷின் வாங்கப் பல வருடம் ஆயிற்றாம்.

தம்பி அன்றைக்கு வாதாடவில்லை. அவனுடைய கேள்வி மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாம் இருக்கும்போது எதற்கு இல்லாத மாதிரி நடிக்க வேண்டும்?

ஆட்டத்தில் ஐந்து மணி நேரம் தாண்டியபோதுதான் எனக்கு அதற்கு ஒரு பதில் கிடைத்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் எதையும் யோசிக்கமாட்டேன். ஆறுதான் என்றவுடன், கதவைத் திறப்பதற்கு முன் நிற்கிறேன். உள்ளே என்ன இருக்கும், எனக்கு எது அவசியம், எது இல்லாமல் சமாளிப்பேன் என்று கணக்குப் போடுகிறேன். பயம் பேயைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. அதே போல, ஆபத்தில்லாத அறைக்குள் நுழைந்து பெட்டியைத் திறக்கும்போது வருகிற நிம்மதியும் பெரிது. சி ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் மாடிப்படி ஏறும்போது வருகிற நிம்மதிக்கு ஒரு தங்கச்சி என்று சொல்லலாம். பழைய பாணியின் அருமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால், எங்கள் விவாதத்தில் மனசில் தங்கிவிட்டது வேறொரு ஞாயிற்றுக்கிழமை கேம்ப்காரன் சொன்ன ஒரு வார்த்தை. அண்ணன் வழக்கம்போல ரெசிடென்ட் ஈவில் புராணம் பாடிக்கொண்டிருந்தார். "அதுல ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுத்து ஆடலாம். கிறிஸ்னு ஒரு ஆம்பள, ஜில்னு ஒரு பொம்பள. கிறிஸ் எடுத்தா ஆறு பொருள்தான். ஜில் எடுத்தா எட்டு."

"ஒரே வீடு, ஒரே பேய். ஆனா ஆளைப் பொறுத்து ஆறு, எட்டாண்ணே?" என்று கேட்டான் அவன்.

"ஆமா."

"அப்ப எனக்கு இதுதான் பிடிக்கும். இதுல யார் ஆடினாலும் ஆறு."

ஏன் அப்படிச் சொன்னான் என்பது எனக்கு அந்த வாரமே தெரியும். எங்கள் ஆலைக்குப் புது மெஷின் வருகிறது. அதைச் செய்கிற கம்பெனியில் ஆறு வாரம் பயிற்சிக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை இத்தாலிக்கு அனுப்புகிறார்கள். சூப்பர்வைசர் எழுதிய பட்டியலில் முதல் பெயர் அவனுடையது, அடுத்து என்னுடையது. பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். அவனிடம் பாஸ்போர்ட் கிடையாது. அவன் பிறந்தது இந்த ஊரில். படித்தது இந்த ஊரில். ஆனால், 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அவன் அப்பா, அம்மா இருவருமே படகில் வந்தவர்கள். பட்டியலில் என் பெயர் மேலே ஏறியது.

கேமில் ஒரு கதவு திறக்கவில்லை என்றால், அதன் சாவி எங்கோ ஓர் இடத்தில் கட்டாயம் இருக்கும். செய்தவர்கள் அதை வைத்துத்தான் இருப்பார்கள். தேடினால் கிடைக்கும் என்ற அந்த உறுதியில்தான் எத்தனை இருட்டிலும் திரும்பத் திரும்ப இறங்குகிறோம். இந்த வகை கேமை இத்தனை பேர் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பயம் எவ்வளவு இருந்தாலும், விதி எல்லோருக்கும் ஒன்று.

பட்டியல் விஷயத்தை அவனிடம் எப்படிப் பேசுவது என்று நான் திணறியபோது அவனே ஆரம்பித்தான். "மச்சி, அந்த கியர் பாக்ஸைப் பிரிச்சுக் காட்டுவாங்க. ஒவ்வொரு ஸ்டெப்பும் எழுதிக்கோ. வந்து எனக்குச் சொல்லிக் குடு." அவ்வளவுதான்.

கேமை நாங்கள் இருவரும்தான் கடைசிவரை முடித்தோம். சிக்னாலிஸில் முடிவுகள் பல. நாம் எப்படி விளையாடினோம் என்பதைப் பார்த்து அதுவே ஒன்றைத் தருகிறது. எனக்கு ஒரு முடிவு வந்தது, அவனுக்கு வேறு. எது யாருக்கு என்று சொல்லமாட்டேன். அவனுடைய முடிவைப் பார்த்துவிட்டு அண்ணன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார் என்பதை மட்டும் சொல்லலாம். ஒடிசாக்காரர், "இவ்வளவு தூரம் போய்த் தேடறாளே, அவளுக்காகவாவது நல்லா முடிச்சிருக்கலாம்" என்று இரண்டு நாள் புலம்பினார். தம்பி, "கதை சூப்பர்ண்ணே, பாக்கெட்தான் கம்மி" என்றான்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். முதல் விமானப் பயணம். ஊறுகாய், போர்வை, இட்லிப் பொடி என்று அம்மா போனிலேயே பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறார். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. ஆறு வாரமும் அது கேம்ப்காரனிடம் இருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, இன்னொரு முடிவைப் பார்க்க வேண்டுமாம்.